நானோ அறிவியலும் நம்முடைய நிலக்கடலையும்

சென்ற ஜூன் மாதம், பயிர்க்கடன் புதுப்பிக்கும் பணி எங்கள் வெதுருகுப்பம் கிளையில் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். பாஸ் புத்தகத்தையும் அடங்கல் நகலையும் என் மேசைமீது வைத்த விவசாயி ஒருவர், அவற்றின் பக்கத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பியையும் வைத்தார். அதன் மேலுறையில் பச்சை நிறப் பெரிய எழுத்தில் ‘நானோ’ என்று அச்சிட்டிருந்தது.

“சார், எங்கு போனாலும் நானோ, நானோ என்கிறார்கள். சாதாரண ஜிங்க் மருந்தைக் காட்டிலும் மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா? கடன் கொடுப்பவர் நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

நான் வணிகவியல் பட்டதாரி. பற்றும் வரவும் தெரியும். வேதியியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவன். 2009ஆம் ஆண்டு வங்கிக் கிளைகளில் நானோ கார் முன்பதிவுப் படிவங்கள் விற்பனைக்கு வந்தபோதுதான் அந்தச் சொல்லையே முதன்முதலில் கேட்டேன் என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் காருக்கும் நானோ அறிவியலுக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. ஆயினும் மூன்று மடங்கு விலை என்பது என் துறைக்குள் வரும் செய்தி. ஆகவே ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரம் ஒரு மாதமாக நீண்டது. அப்போது படித்தவற்றையும், தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் இக்கட்டுரையில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். ‘நானோ’ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். நமது விரல்நகம் ஒரு வினாடிக்குச் சுமார் ஒரு நானோமீட்டர் வளர்கிறது. பணம் செலுத்தும் வரிசையில் பத்து நிமிடம் நிற்கும் வாடிக்கையாளரின் நகம், கவுன்ட்டரை அடைவதற்குள் அறுநூறு நானோமீட்டர் வளர்ந்திருக்கும். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள பொருள்களைக் குறித்த ஆய்வே நானோ அறிவியல் எனப்படுகிறது.

அளவில் சிறிதானால் என்ன, பொருள் அதே பொருள்தானே என்ற ஐயம் எழலாம். எனக்கும் எழுந்தது. அதைத் தீர்த்துவைத்தது தங்கம்.

நகைக்கடன் பிரிவில் மதிப்பீட்டாளர் உரைகல்லில் நகையை உரைத்து, மஞ்சள் கோட்டைப் பார்த்து மாற்றுச் சொல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். மஞ்சள் நிறம் தங்கத்தின் பிறவிக் குணம் என்றே எண்ணியிருக்கிறோம். ஆனால் தங்கத்தை 20 நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கி நீரில் கலந்தால் அந்த நீர் மாதுளைச் சாறுபோலச் சிவந்து காணும். 1857இல் மைக்கேல் ஃபாரடே இதைச் செய்து காட்டினார். அவர் தயாரித்த கரைசலின் குடுவை லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அத்துணைச் சிறிய துகளில் அடைபட்ட எலெக்ட்ரான்கள், மேலே விழும் ஒளியோடு சேர்ந்து ஒன்றாக அசைகின்றன. அந்த அசைவில் பச்சை ஒளி விழுங்கப்படுகிறது. எஞ்சும் ஒளி சிவப்பாகத் தெரிகிறது. இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்ட வேடிக்கையன்று. மருந்துக்கடையில் விற்கும் கருத்தரிப்புச் சோதனை அட்டையிலும், கொரோனா காலத்தில் வீட்டிலேயே செய்துகொண்ட சோதனை அட்டையிலும் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கத் துகள்களின் கோடுதான். எத்தனையோ குடும்பங்களில் மகிழ்ச்சிச் செய்தியை முதலில் சொன்ன தங்கம், எந்த மதிப்பீட்டாளரும் எடைபோட முடியாத தங்கம்.

நிறம் மாறுவது ஒருபுறம். பரப்பு பெருகுவது மறுபுறம். விவசாயிக்கு வேண்டியது இந்த இரண்டாவது செய்தி. நம் சித்தூர்ப் பக்கத்து வெல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையாகப் போட்டால் கரைய நேரமாகும்; பொடித்துப் போட்டால் உடனே கரையும். எடை அதுவேதான், நீர் தொடும் பரப்பு கூடிவிட்டது, அவ்வளவே. இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். 25 நானோமீட்டர் துண்டுகளாக்கினால் 240 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 சென்ட் வீட்டுமனை. ஒரு நானோமீட்டர் வரை போனால் 6,000 சதுர மீட்டர். ஒன்றரை ஏக்கருக்குச் சற்றே குறைவு. விரல் நுனியில் அடங்கும் ஒரு கட்டி, ஒன்றரை ஏக்கராக விரிகிறது. வேதிவினை என்பது பெரும்பாலும் மேற்பரப்பில் நடப்பது. ஆகவே குறைந்த எடையில் நிறைய வேலை நடக்கும் என்பதுதான் நானோ அறிவியலின் பல பயன்களுக்கு அடிப்படை. சிக்கல்களுக்கும் அதுவே அடிப்படை என்பதைப் பின்னர் காண்போம்.

இனி நிலக்கடலைக்கு வருவோம். விடை தேடி உலகமெல்லாம் சுற்றவேண்டியிருக்கும் என்று எண்ணிய எனக்கு, அது பேருந்தேறிச் சென்று திரும்பும் தொலைவில் இருக்கிறது என்பது வியப்பாக இருந்தது. திருப்பதியில் உள்ள மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம், ஆச்சார்யா என்.ஜி. ரங்கா வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நம் பகுதி உழவர்களுக்குக் கடலை ரகங்கள் தந்த நிலையம் என்ற அளவில் பலரும் அதை அறிவர். அங்குப் பணியாற்றிய டி.என்.வி.கே.வி. பிரசாத் என்னும் அறிவியலாளர், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் டி. பிரதீப் உள்ளிட்டோருடன் இணைந்து, நானோ அளவுத் துத்தநாக ஆக்சைடு நிலக்கடலையில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து, 2012இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் முடிவுகளை வெளியிட்டார். நானோ துகள்கள் நிலக்கடலையின் வளர்ச்சியையும் விளைச்சலையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதைக் குறித்த முதல் அறிக்கை அது என்று அவர்கள் அதில் குறிப்பிட்டுள்ளனர்.

துத்தநாகம் பயிருக்குச் சிறிதளவே தேவைப்படும் ஊட்டம். ஆனால் அந்தச் சிறிதளவு கிடைக்காவிட்டால் வளர்ச்சி ஊக்கியான ஆக்சின் போதிய அளவு உருவாகாது. பல நொதிகள் இயங்கா. செடி குட்டையாகி இலை வெளுக்கும். மண்ணில் துத்தநாகம் இருந்தாலும், காரத்தன்மை மிகுந்த இடத்திலும் மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்ட இடத்திலும் அது வேருக்குக் கிட்டாமல் கட்டுண்டுவிடும். இதற்காகத்தான் துத்தநாக சல்பேட்டை மண்ணில் இடுகிறோம், இலைமீது தெளிக்கிறோம்.

திருப்பதிக் குழுவினர் சராசரியாக 25 நானோமீட்டர் அளவுள்ள துகள்களைப் பயன்படுத்தினர். முதலில் விதை நேர்த்தி. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில், அதாவது 1,000 பி.பி.எம். செறிவில் நேர்த்தி செய்த விதைகள் நன்கு முளைத்தன. செடி விரைந்து வேரூன்றி, முன்கூட்டியே பூத்தது. இலையில் பச்சையம் கூடியது. செடி ஒன்றுக்குக் கிடைத்த காய் எடை, வழக்கமான துத்தநாக சல்பேட் இட்டதைவிட 34 விழுக்காடு அதிகம். அடுத்து வயலுக்குச் சென்றனர். 2008-09, 2009-10 ஆகிய இரு ராபி பருவங்களில் இலைவழித் தெளிப்பாகக் கொடுத்தபோது, பரிந்துரைக்கப்படும் துத்தநாக சல்பேட்டின் அளவில் பதினைந்தில் ஒரு பங்கே பயன்படுத்தியும், காய் விளைச்சல் முறையே 29.5 விழுக்காடும் 26.3 விழுக்காடும் கூடுதலாக இருந்தது.

இந்த எண்களைப் படித்தவுடன் அந்த விவசாயியைத் தொலைபேசியில் அழைத்து, வாங்கிவிடுங்கள் என்று சொல்லத் தோன்றியது உண்மை. கடன் விண்ணப்பத்தைக் கூர்ந்து படிக்கும் பழக்கம் கையைப் பிடித்து நிறுத்தியது. ஒரு நிறுவனத்தின் இலாபம் 30 விழுக்காடு உயர்ந்தது என்று கண்டால், எதனோடு ஒப்பிட்டு, எந்தச் சூழலில் என்று கேட்பதல்லவா வங்கியாளரின் வேலை? அந்தக் கேள்வியோடு மறுபடியும் படித்தேன். அதே ஆய்வில் இன்னொரு வரி இருந்தது: 2,000 பி.பி.எம். செறிவில் கொடுத்தபோது செடியின் வளர்ச்சி தடைப்பட்டது. அளவு இருமடங்கானபோது நன்மை தீமையாயிற்று. பரப்பு கூடினால் வினை கூடும் என்றேனே, அதன் மறுபக்கம் இது. ‘கொஞ்சம் சேர்த்துத் தெளித்தால் இன்னும் நன்றாக வரும்’ என்று கைப்பிடி அளவைக் கூட்டும் நமது வழக்கம் இங்கே செல்லாது. மேலும் அது ஆய்வாளர்கள் தாமே தயாரித்து, துகளின் அளவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பொருள். கடையில் விற்கும் குப்பிக்குள் இருப்பதும் அதுதான் என்பதற்கு ‘நானோ’ என்ற பச்சை எழுத்து சான்றாகாது.

அந்தக் குப்பியை மறுமுறை கொண்டுவரச் சொல்லிப் படித்தேன். துத்தநாகம் எத்தனை விழுக்காடு என்று இல்லை. துகளின் அளவு இல்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் அறிவிக்கப்பட்டதா என்ற விவரமும் இல்லை. விளைச்சல் கூடும் என்ற உறுதிமொழி மட்டும் மூன்று மொழிகளில் இருந்தது. நானோ வேளாண் இடுபொருள்களை எவ்வாறு மதிப்பிடவேண்டும் என்பதற்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு. பிணையாக வரும் பத்திரத்தில் சர்வே எண் இல்லாவிட்டால் நாங்கள் வாங்குவோமா?

நானோ யூரியாவைப் பற்றியும் பல வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் 2021 மே 31 அன்று அறிமுகப்படுத்திய இந்தத் திரவத்தின் 500 மில்லிலிட்டர் குப்பி, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு என்பது விளம்பரம். கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் போடவேண்டிய கணக்கு ஒன்று இதில் உண்டு. தொடக்கத்தில் வந்த குப்பியில் தழைச்சத்து 4 விழுக்காடு. எனவே குப்பிக்குள் இருப்பது சுமார் 20 கிராம். மூட்டையில் 46 விழுக்காடு. எனவே 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வேறுபாடு. மண்ணில் இடும் யூரியாவில் பெரும்பகுதி காற்றிலும் நீரிலும் வீணாகிறது என்பது மெய். அதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு போதுமா என்பதுதான் அறிவியலாளர்கள் எழுப்பும் கேள்வி. பல்லாயிரம் வயல்களில் சோதித்ததில் விளைச்சல் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது என்கிறது இஃப்கோ. வழக்கமான யூரியாவில் ஒரு பகுதியைக் குறைத்து நானோ யூரியா தெளித்துப் பார்த்த லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமோ, கோதுமையில் 21.6 விழுக்காடும் நெல்லில் 13 விழுக்காடும் விளைச்சல் குறைந்ததாக அறிவித்தது. தழைச்சத்தின் அளவு கூட்டப்பட்ட புதிய வடிவம் பின்னர் வந்திருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. நம் பகுதிக் கடலை விவசாயிக்கு ஓர் ஆறுதல்: கடலை, வேர்முடிச்சுகளின் உதவியால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே ஈட்டிக்கொள்ளும் பயிர். இந்தச் சண்டையில் அவர் பெரும்பாலும் பார்வையாளரே. நெல்லும் கரும்பும் வைத்திருப்போர் மட்டும், மூட்டையை முற்றிலும் நிறுத்திவிடாமல், தங்கள் வேளாண் அலுவலரைக் கேட்டுச் செய்வது நலம்.

வயலை விட்டு வீட்டுக்குள் வந்தால், நானோ நமக்கு எப்போதோ நெருங்கிவிட்டது. மேலே சொன்ன பேராசிரியர் பிரதீப்பின் பெரும்புகழ் கடலையால் வந்ததன்று, குடிநீரால் வந்தது. எண்டோசல்பான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் மிகச் சிறிய அளவில் குடிநீரில் கலந்திருப்பதை, வெள்ளி முதலிய உலோகங்களின் நானோ துகள்களைக் கொண்டு அகற்றும் வழியைச் சென்னை ஐ.ஐ.டி.யில் அவரும் அவருடைய மாணவர்களும் கண்டறிந்தனர். 2007இல் அது வீட்டு வடிகட்டியாகவே சந்தைக்கு வந்தது. பின்னர் நீரிலுள்ள ஆர்செனிக் நஞ்சை நானோ அளவு இரும்புச் சேர்மத்தால் பற்றியெடுக்கும் ‘அம்ரித்’ என்னும் முறையையும் அவர் குழு உருவாக்கியது; ஆர்செனிக் கலந்த நிலத்தடி நீரால் துன்புறும் மேற்கு வங்கம் முதலிய பகுதிகளில் அது பயன்படுகிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இத்தகைய ஆய்வுகளுக்கு உரமிட்டது, 2007இல் மத்திய அரசு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கிய நானோ இயக்கம்.

மருத்துவத்தைப் பற்றி எழுதும்போது 2021ஆம் ஆண்டு மே மாதம் நினைவுக்கு வராமல் போகாது. கொரோனாவிலிருந்து மீண்டவர்களைக் கருப்புப் பூஞ்சை நோய் தாக்கிய மாதம் அது. முகக்கவசத்தோடு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்ற வாடிக்கையாளர் ஒருவர், மகள் திருமணத்துக்கென வைத்திருந்த நிரந்தர வைப்பை அன்றே முடித்துத் தரவேண்டும் என்றார். முதிர்வுக்கு ஐந்து மாதமே இருந்தது. தம்பிக்கு ஊசி மருந்து வாங்கவேண்டும். குப்பி ஒன்று பல ஆயிரம் ரூபாய். ஒரு நாளைக்கு ஒன்று போதாது. முன்கூட்டி முடிப்பதால் குறையும் வட்டி எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. சீட்டில் எழுதிவைத்திருந்த மருந்தின் பெயரை என்னிடம் காட்டினார்: லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி.

ஆம்ஃபோடெரிசின் பழைய மருந்து, விலை குறைந்த மருந்து. பூஞ்சைச் செல்லின் உறையிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு அந்த உறையில் ஓட்டையிட்டுக் கொல்வது அதன் வேலை. ஆனால் நம்முடைய செல்லின் உறையிலும் அதை ஒத்த கொலஸ்ட்ரால் இருக்கிறது. அதையும் ஓரளவு தாக்கிவிடும். முதலில் கெடுவது சிறுநீரகம். அதே மருந்தை 100 நானோமீட்டருக்கும் குறைவான கொழுப்புக் குமிழிகளுக்குள் வைத்து அனுப்பினால், அது வழியெங்கும் சிந்தாமல் பூஞ்சை இருக்கும் இடத்தில் பெரிதும் வெளிப்படுகிறது. சிறுநீரகம் பெருமளவு தப்புகிறது. ‘லிப்போசோமல்’ என்ற முன்னொட்டின் பொருள் இந்தக் குமிழிதான். அந்த வாடிக்கையாளர் தம் வைப்பை உடைத்து வாங்கியது மருந்தை மட்டுமன்று, மருந்தைச் சுற்றியிருந்த நானோ உறையை. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், இம்மருந்தின் மீதான 5 விழுக்காடு வரியைத் தற்காலிகமாக முழுமையாக நீக்கியது. அவர் தம்பி பிழைத்துக்கொண்டார்; ஒரு கண்ணை இழந்தார். திருமணம் மறு ஆண்டு நடந்தது. அழைப்பிதழ் எனக்கும் வந்தது.

இதே குமிழி உத்தியில் புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசினை அடைத்து, இதயத்துக்கு அது இழைக்கும் கேட்டைக் குறைத்த மருந்துக்கு அமெரிக்கா 1995இல் அனுமதி அளித்தது. அமெரிக்க அனுமதி பெற்ற முதல் நானோ மருந்தாகக் கருதப்படுவது அது. கொரோனா காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் எளிதில் சிதையும் மூலக்கூறைக் கொழுப்பு நானோ துகளுக்குள் பொதிந்தே உடலுக்குள் அனுப்பின. நம் நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. புனே நகரின் ஜென்னோவா நிறுவனம் உருவாக்கிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி 2022 ஜூன் மாதம் அவசரகால அனுமதி பெற்றது.

ஆற்றல் துறையில் நானோ நமக்குக் கடன் விண்ணப்பமாகவே வருகிறது. மின்சார ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் கடன் கேட்போர் கொடுக்கும் விலைப்புள்ளியில், மின்கலம் எல்.எஃப்.பி. வகை என்று எழுதியிருப்பதைக் காணலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்பதன் சுருக்கம் அது. 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழு இதை மின்கலப் பொருளாக அறிவித்தது. அக்குழுவில் அக்ஷய பாதி என்னும் இந்தியரும் இருந்தார். பொருள் மலிவு, எளிதில் தீப்பிடிக்காது, நீடித்து உழைக்கும். குறை ஒன்றே ஒன்று, மின்சாரம் இதனூடே நத்தைபோல ஊர்ந்தது. துகள்களை ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கி, ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கரிப்பூச்சு கொடுத்தபோது அந்தக் குறை நீங்கியது. நடு வயலிலிருந்து நெல் மூட்டையைத் தலைச்சுமையாகச் சாலைக்குக் கொண்டுவரும் தூரம் குறைந்தால் வண்டி விரைவில் நிரம்பும் அல்லவா, அதுபோலத்தான். குடினஃப் 2019இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97.

கூரைமேல் சூரியத் தகடு அமைக்கக் கடன் பெற்றவர்கள் ஒரு கணம் அண்ணாந்து பார்க்கலாம். சிலிக்கன் சாம்பல் நிறம். தகடு ஏன் நீலமாக இருக்கிறது? ஒளி எதிரொளித்து வீணாகாமலிருக்க அதன்மேல் பூசும் சிலிக்கன் நைட்ரைடு படலம் ஏறத்தாழ 75 நானோமீட்டர் தடிப்புள்ளது. அந்தத் தடிப்புதான் நீலமாகத் தெரிகிறது. படலத்தின் தடிப்பு மாறினால் நிறமும் மாறும்.

கணினித் துறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; அதற்கெனத் தனிக் கட்டுரையே வேண்டும். 1971இல் வந்த இன்டெல் 4004 சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அவற்றின் நுண்ணளவு 10,000 நானோமீட்டர். 2020இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சில்லில் 1,600 கோடி. அதை ‘5 நானோமீட்டர்’ சில்லு என்கிறார்கள். இது ஒரு வணிகப் பெயரே. அதற்குள் உள்ள டிரான்சிஸ்டர்களின் இடைவெளி பல பத்து நானோமீட்டர் இருக்கும். குப்பியின் மேலுறையைப் போலவே இங்கும் எழுத்து ஒன்று, உள்ளிருப்பது ஒன்று. சிறிதாக்கச் சிறிதாக்க இன்னொரு தொல்லை: மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தவேண்டிய சுவர் ஒரு நானோமீட்டருக்கு அருகில் மெலிந்தபோது, எலெக்ட்ரான்கள் அதனூடே கசியத் தொடங்கின. 2007இல் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சேர்மத்தைச் சுவராக வைத்துக் கசிவை அடக்கினர். நம் நாட்டில் மொஹாலியிலுள்ள அரசு ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் சில்லுகள் செய்கிறார்கள். விண்வெளிப் பயன்பாட்டுக்கான விக்ரம் சில்லு அங்கு உருவானது. 180 என்பது உலக அளவில் பழைய தொழில்நுட்பம் என்று சிலர் குறை சொல்வர். ஏவுகணை வாகனத்தில் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கி வேலைசெய்வதற்கு மிகப் புதியது தேவையில்லை, நம்பகமானதே தேவை என்பது என் எளிய கருத்து.

மீண்டும் அந்த விவசாயியிடம் வருகிறேன். ஜூலை முதல் வாரத்தில் அவரிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். முதலாவது, குப்பியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பார்க்கப்படும் பன்னிரண்டு கூறுகளில் துத்தநாகமும் ஒன்று. பயிர் எடுத்துக்கொள்ளும் நிலையிலுள்ள துத்தநாகம் பத்து லட்சத்தில் 0.6 பங்குக்குக் கீழ் இருந்தால் பற்றாக்குறை என்பது பொதுவான வரையறை. பற்றாக்குறையே இல்லாத நிலத்தில் நானோ துத்தநாகம் தெளித்தாலும், நாட்டுத் துத்தநாகம் தெளித்தாலும், செலவு மட்டும் பற்றில் ஏறும்.

ஊர் ரைது சேவா மையத்தின் வழியாக மண் மாதிரி சென்றது. கடலை விதைத்து மூன்று வாரம் ஆன பிறகே அட்டை வந்தது. அலுவலக வேகம் நாம் அறிந்ததே. துத்தநாகம் 0.4 என்றிருந்தது. அவருக்குக் கடலை இரண்டு ஏக்கர். துத்தநாகம் தேவை என்பது உறுதியாகிவிட்டதால், வேளாண் அலுவலரின் அறிவுரைப்படி ஒன்றே முக்கால் ஏக்கருக்கு வழக்கமான துத்தநாக சல்பேட் தெளித்தார். எஞ்சிய கால் ஏக்கருக்கு மட்டும், துகள் அளவும் சத்தின் விழுக்காடும் அரசு அறிவிக்கை எண்ணும் முறையாக அச்சிட்ட வேறொரு நானோ துத்தநாகக் குப்பியைத் திருப்பதியிலிருந்து வாங்கி வந்து, சொன்ன அளவுக்கு ஒரு சொட்டும் மிகாமல் தெளித்திருக்கிறார். கால் ஏக்கர் என்பதால் செலவு அவருடைய கடன் வரம்புக்குள்ளேயே அடங்கியது.

இதை எழுதும் இந்நாளில் செடி காய் பிடித்துக்கொண்டிருக்கிறது. தீபாவளியை ஒட்டிப் பிடுங்குவார்கள். கால் ஏக்கர்க் காயை மற்றதோடு கலக்காமல் தனியே காயவைத்துத் தனியே எடைபோட்டு, இரண்டு செலவுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவருமாறு கேட்டிருக்கிறேன். அவர் மனைவிக்கு இதில் அவரைவிட ஆர்வம் அதிகம். தராசு தம் பொறுப்பு என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.